ஆழ்கடல் தரை ஏன் தட்டை? (சின்னக் கேள்வி, நீண்டுபோன இழை)

கேள்வி – பாறசாலை வாசகர், 2 ஜூன் 2025

"ஆற்று மண் எல்லாம் கரையோடு நின்றுவிடும். ஆழ்கடலுக்குப் போய்ச் சேருவது தூசும் செத்த நுண்ணுயிர்களின் ஓடும்தான். ஆயிரம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் தேறினாலே அதிகம். அப்படி மெல்லப் படிவதால்தான் அடித்தரை மேசை மாதிரி தட்டை. கடலுக்கு அடியில் ஆறு ஓடுது, பள்ளம் பறிக்குது என்பதெல்லாம் வீடியோ போடுகிறவர்கள் கட்டும் கதை. மறுப்பவர் ஆதாரத்தோடு வரவும்."

3 ஜூன், இரவு 9.50

மீன்பிடித் தடைக்காலம். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆகவே வந்தேன்.

தேங்காப்பட்டணம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எக்கோ சவுண்டர் (ஒலி அனுப்பி ஆழம் காட்டும் செட்), ஜி.பி.எஸ்., வயர்லெஸ் செட் பழுது பார்ப்பது என் தொழில். படிப்பு ஐ.டி.ஐ.யோடு சரி. ஆனால் கடலின் அடியைத் திரையில் பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவன்.

அண்ணன் சொன்னதில் பாதி சரி. தூசு மழை உண்மை. தட்டை என்பதும் உண்மை, ஒரு கிலோமீட்டர் போனாலும் ஒரு மீட்டர்கூட இறங்காத சமவெளிகள் ஆழ்கடலில் உண்டு. பூமியிலேயே மிக மட்டமான இடங்களில் அவை சேர்த்தி. ஆனால் காரணம்தான் தலைகீழ். மண்ணுக்குள்ளே ஊடுருவும் பலத்த ஒலியை அனுப்பிப் பார்த்தால் அடியில் இருக்கும் எரிமலைப் பாறை கரடுமுரடு. குன்று, மடிப்பு, பள்ளம் எல்லாம் இருக்கிறது. தூசு மழை மட்டும் பெய்திருந்தால் குன்றின் தலையிலும் பள்ளத்தின் வயிற்றிலும் ஒரே கனத்துக்குப் போர்த்தியிருக்கும். சாமான் குவித்த கட்டில்மேல் போர்வையை விரித்த மாதிரி, மேடு மேடாகவே தெரியும். பள்ளம் மட்டும் நிரம்பி மட்டமாகணும் என்றால், ஓடிவந்து தாழ்ந்த இடம் பார்த்துத் தேங்குகிற ஏதோ ஒன்று வேண்டும்.

சேறு கலந்து கனத்த தண்ணி, தெளிந்த தண்ணிக்கு அடியில் சரிவோடு இறங்கி ஓடுவது. அந்த ஒன்றைத்தான் கலங்கல் ஓட்டம் என்கிறேன். புத்தகத்தில் டர்பிடிட்டி கரண்ட்.

3 ஜூன், இரவு 10.15

மேலே 'பாதி சரி' என்று போட்டது மரியாதைக்கு. கால்வாசி.

4 ஜூன்

சின்ன வயதில் அப்பா பூவாறில் பொழி முறிக்கிறதைக் காட்டக் கூட்டிப்போவார். நெய்யாற்றில் வெள்ளம் ஏறி, கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் மணல் திட்டு அடைத்துக்கொண்டு நிற்கும். நாலு பேர் மண்வெட்டியோடு இறங்கி ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால் கீறுவார்கள். முதலில் குழாய்த் தண்ணி மாதிரி சொட்டும். அரை மணி நேரத்தில் அதே வாய்க்கால் மணல் சுவரை இரண்டு பக்கமும் தொபுக் தொபுக்கென்று விழுங்கி, பத்து ஆள் அகலம் ஆகிவிடும். வெட்டினவன் கரையேற ஓடணும். மண்ணைத் தின்னத் தின்ன அகலுது, அகல அகல இன்னும் தின்னுது.

அந்தச் சிவந்த வெள்ளம் கடலில் இறங்கியதும் கனத்தால் மூழ்கி, தரையோடு தரையாக ஆழத்துக்கு ஓடுகிறது. அண்ணன் கேட்ட கடலடி ஆறு இதுதான்.

5 ஜூன்

களியக்காவிளை டீச்சர் ஒரே வரியில் என் வாயை அடைத்துவிட்டார். "தம்பி, பொழி முறிஞ்ச அன்னைக்குச் செம்மண் வெள்ளம் கடலுக்கு மேலேதானே கிடக்கும், அடியிலா கிடக்கும்?"

ஆமாம். மேலேதான். கண்ணால் பார்த்ததையே மாற்றி எழுதியிருக்கிறேன். கோடு கிழித்த மாதிரி ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை, இரண்டு நாளுக்கு அப்படியே மிதக்கும்.

கணக்கு போட்டேன். ஒரு லிட்டர் நல்ல தண்ணி 1,000 கிராம், கடல் தண்ணி 1,025 கிராம். அந்த 25 கிராமை மண்ணால் ஈடுகட்டணும். மண் தானும் இடத்தை அடைத்துக்கொள்வதால் 25 போதாது, ஏறக்குறைய 40 கிராம் வேண்டும். லிட்டருக்கு 40 கிராம் சேறு கலந்த ஆறு என்றால் அது ஆறில்லை, கரைத்து வைத்த களிமண். நெய்யாறும் குழித்துறை தாமிரபரணியும் ஏழு ஜென்மத்துக்கும் அந்தக் கனத்துக்கு வராது. உலகத்தில் மிகச் சில ஆறுகள்தான், அதுவும் பெருவெள்ள நாளில் மட்டும், அப்படி நேரே மூழ்கும்.

4 ஜூன் குறிப்பின் கடைசிப் பத்தியை அடித்ததாக வைத்துக்கொள்ளவும். பொழி வெட்டிய பத்தி இருக்கட்டும், அதற்கு வேலை இருக்கிறது.

7 ஜூன், பின்னிரவு

கணக்கை நம்பாத ஜாதி நான். மகளின் மீன் தொட்டி காலியாகக் கிடந்தது, மூன்றடி நீளம். மீன் போன மாதமே செத்துப்போயிற்று. அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. ஒரு தலைப்பில் இரண்டு செங்கல் வைத்துச் சாய்த்தேன். 50 லிட்டர் தண்ணி, ஒன்றே முக்கால் கிலோ கல்லுப்பு. ஓரளவுக்குக் கடல்.

முதல் சட்டி: ஒரு லிட்டருக்கு 30 கிராம் செம்மண். உயரமான தலைப்பில் மெதுவாக ஊற்றினேன். சாயப் பட்டை மாதிரி மேலேயே பரவி நின்றுவிட்டது. டீச்சர் ஜெயித்தார்.

இரண்டாவது சட்டி: 100 கிராம் செம்மண், ஒரு பிடி பொடிமணல். ஊற்றினேன். நேரே அடிக்குப் போச்சு. போய், சரிவில் ஓட ஆரம்பித்தது. முன்தலை படம் எடுத்த பாம்பு மாதிரி தூக்கிக்கொண்டு, பின்னால் உடம்பு தாழ்ந்து, மேல்பக்கம் சுருள் சுருளாகக் கிழிந்துகொண்டு போகிறது. மூன்றடி தூரத்தைப் பன்னிரண்டு வினாடியில் கடந்து மறுமுனைக் கண்ணாடியில் மோதித் திரும்பியது. மேலே பாதித் தொட்டி தெளிந்த தண்ணி, ஒரு கலக்கம் இல்லை. அடியில் மட்டும் ஓட்டம். இதைப் படமாகப் பார்த்திருக்கிறேன், ஆனால் நம்ம வீட்டு விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது வேறு. மூன்று தடவை செய்தேன்.

வீட்டுக்காரி எழுந்து வந்து பார்த்துவிட்டு, "சோறு கிண்டுற அகப்பையையா எடுத்தீரு?" என்று மட்டும் கேட்டாள்.

8 ஜூன், காலை

தெளிந்திருக்கிறது. உப்புத் தண்ணியில் களிமண் துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சீக்கிரம் இறங்கிவிடும், அதனால் ராத்திரியோடு ராத்திரியாகத் தெளிவு. கண்ணாடி ஓரத்தில் குனிந்து பார்த்தால் அடியில் மணல், அதன்மேல் பொடி, அதன்மேல் பட்டு மாதிரி சேறு. கீழே பரும்படி, மேலே நைஸ். மூன்று தடவை ஊற்றினேன் இல்லையா, மூன்று தடவையும் அதே வரிசை, ஒன்றின்மேல் ஒன்று.

இந்த வரிசையை மலைப்பாறைகளில் பார்த்தவர்களுக்கு ரொம்ப நாள் குழப்பம். ஆழ்கடல் ஓட்டுயிர்கள் கிடக்கும் சேற்றுக்கு நடுவில் ஆற்று மணல் எப்படி வந்தது? குயெனன் என்ற டச்சுக்காரர் தொட்டியில் சேற்றை ஓடவிட்டுப் பார்த்து, மிலியோரினி என்ற இத்தாலியரோடு சேர்ந்து 1950-இல் விடையை எழுதினார். 1962-இல் பௌமா அந்த அடுக்கை ஐந்து படியாகப் பிரித்துக் காட்டினார். என் தொட்டியில் மூன்று படிதான் தெரிந்தது. அகப்பை சின்னது.

11 ஜூன்

"தொட்டி விளையாட்டு சரி, கடலில் நடந்ததற்குச் சாட்சி என்ன?" பாறசாலை அண்ணன் விடுவதாக இல்லை. நியாயம்தான்.

சாட்சி தந்திக் கேபிள். 1929 நவம்பர் 18. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கிராண்ட் பேங்க்ஸ் விளிம்பில் 7.2 அளவு நிலநடுக்கம். அட்லாண்டிக்கின் அடியில் கிடந்த 12 கேபிள்கள் அறுந்தன. சுனாமியும் வந்து 28 பேர் இறந்தார்கள். எல்லாம் அதிர்ச்சியில் அறுந்தது என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் தந்தி நின்ற நிமிடம் ஏட்டில் இருக்குமே. நடுக்கத்துக்குப் பக்கத்தில் கிடந்தவை அந்தக் கணமே போயின. அதற்குக் கீழே சரிவில் கிடந்தவை ஒன்றன்பின் ஒன்றாக, மேலிருந்து கீழ் வரிசையில். கடைசிக் கேபிள் அறுந்தது 13 மணி 17 நிமிடம் கழித்து, பல நூறு கிலோமீட்டர் தள்ளி. எந்த நிலநடுக்கம் பதின்மூன்று மணி நேரம் காத்திருந்து ஆளாளுக்கு அடி கொடுக்கும்?

அந்த ஏட்டை எடுத்துவைத்து ஹீசன், யூயிங் இருவரும் 1952-இல் கணக்கு போட்டார்கள். தூரம் தெரியும், நேரம் தெரியும், வேகம் வந்துவிட்டது. மணிக்கு 100 கி.மீ. சேறு.

இருபத்துமூன்று வருடம் அந்த ஏடு அலமாரியில் சும்மா கிடந்தது என்பதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

12 ஜூன்

திருத்தம். 100 என்பது முதல் கணக்கு. பின்னால் ஆராய்ந்தவர்கள் அதைக் குறைத்து ஏறக்குறைய 70 கி.மீ. என்றார்கள். 70 என்றாலும் மார்த்தாண்டம் ரோட்டில் நம்ம பஸ் தொடாத வேகம்.

'சும்மா கிடந்தது' என்றதும் முழுக்கச் சரியில்லை. ரெஜினால்ட் டேலி 1936-இலேயே, கடலடிப் பள்ளத்தாக்குகளைச் சேற்று ஓட்டம்தான் அறுத்திருக்கும் என்று ஊகம் சொன்னார். அதற்கும் முன்னால் 1880-களில் ஃபோரெல், ரோன் ஆறு ஜெனிவா ஏரிக்குள் நுழைந்த பிறகும் ஏரியின் அடியில் வாய்க்கால் வெட்டிப் போகிறதைக் கவனித்தார். ஏரித் தண்ணியில் உப்பு கிடையாதே, அதனால் கொஞ்சம் சேறும் குளிர்ச்சியும் சேர்ந்தாலே ஆறு மூழ்கிவிடும். 40 கிராம் தேவையில்லை.

15 ஜூன்

ஒரு கதை பாக்கி இருக்கிறது, வெட்கக்கேடு.

2012-இல் நீண்டகரையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். ஆலப்புழைப் பக்கத்துத் தங்குவலை வள்ளக்காரர் ஒருவர், சேட்டன் என்றுதான் கூப்பிடுவேன், மழைக்காலத்தில் எக்கோ சவுண்டரோடு வந்தார். "மோனே, இது ஒரே இடத்துல ரெண்டு ஆழம் காட்டுது." அவரோடு வள்ளத்தில் போய்ப் பார்த்தேன். புறக்காட்டுக்கு நேரே. 200 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் 7 மீட்டர். 50-க்கு மாற்றினால் எட்டரை. மறுபடி 200, மறுபடி 7. சுற்றிலும் கடல் குளம் மாதிரி அசையாமல் கிடக்கிறது, அரை மைல் தள்ளி அலை ஆளுயரம் அடிக்கிறது.

டிரான்ஸ்டியூசர், அதாவது ஒலியை அனுப்பி வாங்கும் தலை, போச்சு என்றேன். புதிது மாட்டினோம், அவருக்குப் பதினாலாயிரம் செலவு. புதியதும் அதே இரண்டு ஆழத்தைக் காட்டியது. ஒயரைக் குறை சொன்னேன், பேட்டரியைக் குறை சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

நாலு வருடம் கழித்துத்தான் விளங்கியது. செட்டில் ஒரு கோளாறும் இல்லை. அது சாகர. மழைக்காலத்தில் ஆலப்புழைக் கரையோரம் எழும் சேற்றுத் திட்டு. அங்கே தரைக்குமேல் ஒரு ஆள் உயரத்துக்குச் சேறு கஞ்சி மாதிரி நிற்கிறது, தண்ணியும் இல்லை தரையும் இல்லை. உச்ச அலைவரிசை கஞ்சியின் மேல்தட்டில் பட்டுத் திரும்புது. தாழ்ந்த அலைவரிசை கஞ்சியைத் துளைத்துக் கெட்டித் தரைவரை போகுது. இரண்டு ஆழமும் சரி. அந்தக் கஞ்சிதான் அலையின் பலத்தையும் குடித்துவிடுகிறது, அதனால்தான் அந்தக் குளம். பழைய காலத்தில் மழைக்காலத்திலும் ஆலப்புழையில் கப்பல் நிறுத்திச் சரக்கு ஏற்றியது இந்தத் தைரியத்தில்.

ஆக நான் கலங்கல் ஓட்டத்தைக் கையால் தொட்டவன். அதன்மேல் வள்ளத்தில் உட்கார்ந்தவன்.

16 ஜூன்

டீச்சர்: "சாகர ஓடாது தம்பி. நிக்கும்."

சரி. இரண்டாவது தடவையும் சரணடைகிறேன். ஓட்டத்துக்குச் சரிவு வேண்டும். நம்ம பக்கத்துக் கண்டத்திட்டு (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல்தரை) அகலமானது, சரிவு கண்ணுக்கே தெரியாது. சேறு கனமாகத்தான் இருக்கிறது, ஆனால் இறங்கிப் போக வழியில்லை. அலை கிளறிக்கொண்டே இருக்கும் வரை கஞ்சியாக நிற்கும், மழைக்காலம் போனதும் கெட்டிப்படும்.

ஒரு வாதம் மட்டும் வைக்கிறேன். கலிபோர்னியாவின் ஈல் ஆற்றுக்கு வெளியே இதே மாதிரிக் கஞ்சியை அலைதான் தூக்கிப் பிடிக்கிறது, அது மெல்ல ஆழம் நோக்கி நகரவும் செய்கிறது என்று அளந்திருக்கிறார்கள். தானாக ஓடத் தெம்பில்லை, அலை கைப்பிடித்து நடத்துது. ஆகவே சாகர ஓட்டம் இல்லை, ஓட்டத்தின் சித்தப்பா மகன். இதற்குமேல் இறங்க மாட்டேன்.

17 ஜூன்

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேனா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அடுத்த தலைப்புக்குப் போவோம்.

22 ஜூன்

எங்க தாத்தா ஆழம் பார்க்க ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்குவார். குண்டின் அடியில் குழி இருக்கும், அதில் பார் சோப்பைத் தேய்த்து அடைப்பார். குண்டு தரை தொட்டுத் திரும்பும்போது சோப்பில் மணல் ஒட்டியிருந்தால் மணல் தரை, சேறு என்றால் சேற்றுத் தரை, ஒன்றும் ஒட்டாமல் நசுங்கி வந்தால் பார், அதாவது பாறைத் தரை. விரலில் தேய்த்துப் பார்ப்பார், சில நேரம் நாக்கிலும் வைப்பார்.

வங்காள விரிகுடாவின் தலையில், கங்கை முகத்துவாரத்துக்கு வெளியே, இதே மாதிரி குண்டு இறக்கிய ஆங்கிலேய மாலுமிகளுக்கு ஓரிடத்தில் கயிறு தீர்ந்தும் தரை சிக்கவில்லை. 'ஸ்வாட்ச் ஆஃப் நோ கிரவுண்ட்' என்று பேர் வைத்தார்கள். தரை இல்லாத பட்டை. உண்மையில் அது கண்டத்திட்டை அறுத்துக்கொண்டு கரைப்பக்கம் வரை வந்துவிட்ட பள்ளத்தாக்கு. கங்கையும் பிரம்மபுத்திராவும் வருடத்துக்கு ஏறத்தாழ 100 கோடி டன் மண்ணை இறக்குகின்றன. அதில் ஒரு பங்கு இந்தப் பள்ளத்தாக்கின் தலையில் குவிகிறது. புயல், அலை, நடுக்கம், ஏதோ ஒன்று தட்டிவிட்டால் சரிந்து ஓடுகிறது.

எவ்வளவு தூரம்? பூமத்திய ரேகையைத் தாண்டி. 3,000 கி.மீ. நீளத்துக்கு விசிறி விரித்துக் கிடக்கிறது, வங்காள விசிறி. உலகத்தில் இதைவிடப் பெரிய கடலடி விசிறி இல்லை. கனத்த இடத்தில் மண் 16 கி.மீ.க்கும் மேல். எவரெஸ்டின் தலையில் ஒரு ஆனைமுடியை ஏற்றி, அதன்மேல் இன்னொன்றையும் ஏற்றினாலும் அதற்குள்ளே மூழ்கிப்போகும். 85 பாகைக் கிழக்குத் தொடர் என்று ஒரு முழு மலைத்தொடரே அந்த மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. மேலே தரை தட்டை. அண்ணே, மேசை என்று நீங்கள் சொன்னதற்கு அடியில் இருப்பது இதுதான்.

23 ஜூன்

நேற்று விட்டது. 2015-இல் 'ஜாய்டஸ் ரெசல்யூஷன்' என்ற துளையிடும் கப்பல் அந்த விசிறியில் ஏழு இடத்தில் துளை போட்டது. ஏழும் ஒரே கோட்டில். எந்தக் கோடு? வட அட்சம் 8 பாகை. நம்ம கன்னியாகுமரியும் கிட்டத்தட்ட அதே 8-தான். அதாவது முக்கடல் சங்கமத்தில் நின்று கிழக்கே மூக்கை நீட்டி, இலங்கைக்கு மேலே நடந்து, இன்னும் போனால் அந்தத் துளைகள். மூன்றரை கி.மீ.க்கும் மேல் ஆழமான தண்ணிக்கு அடியிலிருந்து உருவி எடுத்ததில் மினுமினு என்று அபிரகம், அதாவது மைக்கா. இமயமலை அபிரகம். இரண்டு கோடி வருடத்துக்கும் மேலான கணக்கு அந்த உருளைகளில் அடுக்கடுக்காக இருக்கிறது.

நம்ம ஊர் அட்சத்தில் இமயமலை கிடக்கிறது என்று மகளிடம் சொன்னேன். "அப்ப ஏன் இங்கக் குளிரல?" என்றாள்.

27 ஜூன்

"விசிறி என்றால் விரித்துப்போட்ட மண்தானே, ஆறு எங்கே?" என்று பாலக்காட்டிலிருந்து ஒருவர்.

விசிறியின்மேல் வாய்க்கால்கள் ஓடுகின்றன. நெளிந்து நெளிந்து, மேலிருந்து படம் எடுத்தால் நம்ம ஆற்றுப் படமா என்று ஏமாந்துபோகும் அளவுக்கு. ஓட்டம் வரும்போது மணல் கனமானது, அடியிலேயே வாய்க்காலுக்குள் போகும். நைஸ் சேறு மேலே மிதந்து, வளைவுகளில் கரையைத் தாண்டி வழியும். வழிந்த சேறு வாய்க்காலின் இரு பக்கமும் படிந்து வரப்பாகும். அடுத்த ஓட்டம் வரப்பை இன்னும் உயர்த்தும். கடைசியில் வாய்க்கால் சுற்றியிருக்கும் தரையைவிட உயரத்தில் ஓடும். ஒருநாள் வரப்பு உடையும், ஓட்டம் தாழ்ந்த பக்கம் புது வழி தேடும், பழைய வாய்க்கால் செத்துக் கிடக்கும். இப்படி வழி மாறி மாறித்தான் விசிறி நிரம்புகிறது. ஒரு காலத்தில் ஒரு வாய்க்கால்தான் உயிரோடு.

வயலுக்குத் தண்ணி பாய்ச்சினவனுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. மடை மாற்றுகிற ஆள்தான் இல்லை.

ஆந்திராக்காரர்களுக்கு இந்தச் செத்த வாய்க்கால்கள் காசு. கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் 2002-இல் கண்டுபிடித்த எரிவாயு இப்படிப்பட்ட கடலடி வாய்க்கால் மணலில் தங்கியதுதான்.

2 ஜூலை

2020 ஜனவரியில் மச்சான் தென்னாப்பிரிக்காவில் இருந்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் உறைந்து, வாய் பிளந்தபடி நின்றுவிட்டது. இரண்டு வாரத்துக்கும் மேல் வீடியோ சரியாக வரவில்லை. நான் அவன் போனைத் திட்டினேன். (எதைப் பார்த்தாலும் செட்டைக் குறை சொல்வது என் வியாதி, 15 ஜூன் பார்க்க.)

நடந்தது இது. ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றின் வாய்க்குள்ளேயே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. 2019 டிசம்பர் கடைசியில் பெருவெள்ளம், மண் குவிந்தது. இரண்டு வாரம் கழித்துப் பெரிய ஏற்ற இறக்கம் உள்ள அமாவாசை–பௌர்ணமி ஓதம். ஜனவரி 14 அன்று புறப்பட்ட ஓட்டம் இரண்டு நாளில் 1,100 கி.மீ.க்கும் மேல் போனது. 16-ஆம் தேதி சாட்–3, வாக்ஸ் என்ற இரண்டு இணையக் கேபிளும் அறுந்தன. அந்த சாட்–3-யின் தொடர்ச்சிதான் தென்னாப்பிரிக்காவிலிருந்து மொரீஷியஸ் வழியாக நம்ம கொச்சிக்கு வந்து ஏறும் 'சேஃப்' கேபிள்.

இதில் எனக்குத் தூக்கம் கெட்ட விஷயம், போகப் போக வேகம் கூடியது. வினாடிக்கு 5 மீட்டரில் இருந்தது கீழே போனபோது 8 மீட்டர். சரிவு தணிய வேகம் குறையணும் இல்லையா? குறையவில்லை. போகிற வழியில் தரையைத் தின்கிறது. தின்றதால் கனம், கனத்தால் வேகம், வேகத்தால் இன்னும் தீனி. 4 ஜூனில் எழுதிய பொழி வெட்டிய பத்தி இருக்கட்டும் என்றேனே, இதற்குத்தான்.

அங்கே நங்கூரமிட்டு வைத்திருந்த அளவுக் கருவிகளையும் ஓட்டம் பிய்த்துக்கொண்டு போனது. பிய்ந்தவை மேலே மிதந்து வந்து செயற்கைக்கோள் வழியாகத் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லியிருக்கின்றன. சொந்தச் சாவைத் தானே தகவல் சொன்ன கருவி.

6 ஜூலை

"அதெல்லாம் நூறு வருடத்துக்கு ஒன்று" என்கிறார் பாறசாலை அண்ணன். முதல் கேள்வியில் 'கதை' என்றவர் இப்போது 'எப்போதாவது' என்கிறார், முன்னேற்றம்.

எப்போதாவது என்பது இடத்தைப் பொறுத்தது. கலிபோர்னியாவின் மான்டெரி பள்ளத்தாக்கில் 2015 முதல் 2017 வரை ஒன்றரை வருடம் கருவி போட்டுக் காத்திருந்தார்கள். 15 ஓட்டம் வந்தது. வேகமானது வினாடிக்கு 7.2 மீட்டர். 800 கிலோ எடையுள்ள இரும்புச் சட்டத்தைத் தூக்கிக் கிலோமீட்டர் கணக்கில் கொண்டுபோனது. மேலே புகை மாதிரி தெரிவது வெறும் சேலை. அடியில் தரையே திரவமாகி நகர்கிறது, தள்ளுவது அதுதான் என்பது அங்கே கிடைத்த முடிவு.

15 ஜூனில் தரையா தண்ணியா என்று நான் முழித்த கஞ்சி ஞாபகம் வருகிறது. டீச்சர், நான் ஒன்றும் சொல்லவில்லை.

9 ஜூலை

வயநாட்டு உருள்பொட்டலோடு (நிலச்சரிவு) ஒருவர் ஒப்பிட்டுக் கேட்டார். போன வருடம் ஜூலை 30, இன்னும் வருடம் திரும்பவில்லை, அதனால் சுருக்கமாக. புறப்படுவது ஒரே மாதிரி. ஊறிய மண் பிடி விட்டுச் சரிவது. நிலத்தில் அது பாறையும் சேறுமாக ஓடி, சரிவு தணிந்ததும் நிற்கும். கடலில் சரிந்த மண்ணுக்குள் தண்ணி புகுந்து கலக்கி, மேகமாக்கிவிடும். மேகத்துக்குத் தரையோடு உராய்வு குறைவு. அதனால்தான் சில கிலோமீட்டரில் நிற்க வேண்டியது ஆயிரம் கிலோமீட்டர் போகிறது.

14 ஜூலை

நம்ம கரைக்கு வெளியே இப்படி விசிறி ஏன் இல்லை என்ற கேள்வி மூன்று தடவை வந்துவிட்டது. ஆறு குட்டை, மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு நாள் நடை. வருகிற மண்ணில் நல்ல பங்கைக் கேரளத்துக் காயல்கள் பிடித்துக்கொள்ளும். மிச்சம் கரையோரச் சேறாகச் சுற்றிச் சுற்றி வரும். போதும்.

கடல் எப்போதும் இதே உயரத்தில் இருந்ததில்லை என்பதையும் சேர்க்கணும். இருபதாயிரம் வருடத்துக்கு முன் பனியுகத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் கீழே. எங்க ஆட்கள் இன்று எழுபது பாகம் என்ன, அறுபது பாகத்தில் (ஒரு பாகம் ஆறடி) தூண்டில் போடும் இடமெல்லாம் அன்று கடற்கரை. ஆறுகள் திட்டின் விளிம்புவரை வந்து நேரே பள்ளத்தாக்கில் கொட்டின. சிந்து விசிறிக்கு அதுதான் தீபாவளி. இப்போது கடல் ஏறிவிட்டதால் அங்கே ஆழத்துக்குப் போகும் மண் ரொம்பக் குறைவு. வங்காளத்தில் மட்டும் பள்ளத்தாக்கு திட்டுக்குள் புகுந்து வந்திருப்பதால் கடை இன்னும் திறந்திருக்கிறது.

15 ஜூலை

எழுபது பாகம் என்றால் 125 மீட்டருக்கும் மேல், அது கரையைத் தாண்டிக் கடலுக்குள் போய்விடும். அறுபது பாகம் ஏறக்குறைய 110 மீட்டர், அது சரி. அந்த வரியைக் குழறிவிட்டேன், டீச்சர் சொல்லும் முன்னால் நானே.

20 ஜூலை

மே மாதம் கொச்சிக்கு வெளியே மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா–3 கப்பலிலிருந்து கரையில் ஒதுங்கிய வெள்ளை பிளாஸ்டிக் மணி ஆழ்கடலுக்குப் போகுமா? அந்த மணி மிதக்கிற வகை. தொட்டியில் போட்டேன், கலங்கல் அடியில் ஓடியது, மணி மேலேயே சிரித்துக்கொண்டிருந்தது. மூழ்குகிற வகை இழைகளும் துணுக்குகளும் வேறு கதை. அவை சேற்றோடு சேர்ந்து போகும்.

30 ஜூலை

நாளை ராத்திரியோடு தடை முடிகிறது. காலையிலிருந்து பதினோரு செட் வந்திருக்கிறது, எல்லாருக்கும் நாளைக்கே வேண்டுமாம். துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுகிறார்கள். இனி பதில் தாமதமாகும்.

வீட்டில் தொட்டியைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். உப்புத் தண்ணியை மெதுவாக வடித்து, மகளின் ஸ்கேலால் படிவை நடுவில் வெட்டிப் பார்த்தேன். மொத்தம் ஒன்பது ஊற்று, எட்டு அடுக்குதான் எண்ண முடிந்தது. ஒன்றை அதற்கடுத்தது தின்றிருக்கிறது. எது என்று தெரியவில்லை. தரையில் இருப்பதை எண்ணி நடந்ததைக் கணக்கு போடுகிறவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

31 ஜூலை, இரவு 11.40

கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, இன்று சேட்டனுக்கு போன் போட்டேன். பதிமூன்று வருடம் கழித்து. அந்த டிரான்ஸ்டியூசர் கெட்டுப்போகவில்லை, அது சாகரச் சேறு, பணத்தை அனுப்புகிறேன் என்றேன்.

"அது சாகரயாணென்னு எனிக்கு அன்னே அறியாமாயிருந்நு மோனே" என்றார். அன்றைக்கே தெரியுமாம்.

பின்னே ஏன் மாற்றவிட்டீர்கள் என்று கேட்டேன். பழசில் ஏற்கெனவே தண்ணி இறங்கியிருந்ததாம், எப்படியும் மாற்றவேண்டியதுதானாம். ரெண்டு ஆழம் எதனால் என்று பட்டறைப் பையனுக்குத் தெரியுமா என்று பார்த்தாராம்.

பணம் வேண்டாமாம். புறக்காட்டில் இந்த வருடம் சாகர எழும்பியிருக்கு, செட்டை எடுத்துக்கொண்டு ஒருநாள் வா என்றிருக்கிறார்.